ஊட்டுல உட்டாங்களா?

திருப்பூரில் கடல் கிடையாது. ஆனால் கடல் இல்லாமல் திருப்பூர் கிடையாது. தைத்து, செக்கிங் முடித்து, பெட்டி போட்ட பனியன் எல்லாம் தூத்துக்குடி போய்க் கப்பல் ஏறினால்தான் இங்கே சனிக்கிழமை சம்பளம். கடல் என்றாலே நமக்கு ஷிப்மெண்ட் தேதிதான். அந்தக் கடலில் ஒரு பெண் ஆசைப்பட்டுத் தனியாகப் போனாள் என்கிறது 'ட்ரூ ஸ்பிரிட்'.

2023-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ஆஸ்திரேலியப் படம். நிஜக் கதை. ஜெசிகா வாட்சன் என்ற பதினாறு வயதுப் பெண், 2009 அக்டோபர் 18-ம் தேதி முப்பத்து நாலு அடிப் பாய்மரப் படகில் சிட்னியிலிருந்து கிளம்பினாள். எங்கும் கரை ஒதுங்கவில்லை. 210 நாள் கழித்து, 2010 மே 15-ம் தேதி சிட்னிக்கே திரும்பினாள். பதினேழாவது பிறந்த நாளுக்கு இன்னும் மூன்று நாள் பாக்கி!

பக்கத்து வீட்டுப் பெண்ணும் எங்களோடு உட்கார்ந்து பார்த்தார். பவர் டேபிளில் ஓவர்லாக் ஓட்டுகிறவர். பத்தாவது நிமிஷமே கேட்டார்: "ஏனுங்ணா, இந்தப் புள்ளைய ஊட்டுல உட்டாங்களா?"

2009-ல் ஆஸ்திரேலியாவே அடித்துக்கொண்டது இந்தக் கேள்விக்குத்தான். அதில் நியாயமும் இருந்தது. ஒத்திகைக்காகக் கிளம்பிய முதல் ராத்திரியே, ஜெசிகா கண்ணயர்ந்த நேரத்தில், 63,000 டன் சரக்குக் கப்பலோடு படகு மோதிப் பாய்மரம் முறிந்தது. இரண்டு பக்கமுமே சரியாகக் கண்காணிக்கவில்லை என்றது விசாரணை அறிக்கை. அப்புறமும் போகலாமா, கூடாதா? பெற்றவர்களுக்கு எவ்வளவு கஷ்டமான முடிவு!

படம் இந்தக் கஷ்டத்துக்குள் போகவே இல்லை. எதிர்ப்பு மொத்தத்தையும் ஒரு சிடுமூஞ்சி நிருபர் தலையில் கட்டிவிடுகிறது. ஆளைப் பார்த்தாலே நமக்குப் பிடிக்காது; ஆகவே அவர் சொல்வதும் தப்பு. சுலபமான வழி. போதாததற்குப் பழைய சோகத்தைச் சுமக்கும் பென் என்று ஒரு குரு. கற்பனைப் பாத்திரம்.

காற்று விழுந்து படகு நகராமல் கிடக்கும் நாட்கள்தான் படத்தில் எனக்குப் பிடித்த பகுதி. அங்கே டீகன் கிராஃப்ட் நன்றாகவே செய்திருக்கிறார். புயல் காட்சிகள் வழக்கமான கம்ப்யூட்டர் அலை.

என் பெரிய குறை வேறு. கனவு கண்டால் போதும், கடல் வழிவிடும் என்கிற மாதிரி முடிக்கிறார்கள். அதே 2010 மே மாதம் மும்பைக்கும் ஒருவர் திரும்பினார். கடற்படைக்காரர் திலீப் தோண்டே. நான்கு துறைமுகங்களில் மட்டும் நின்று உலகைத் தனியாகச் சுற்றிய முதல் இந்தியர். அவர் எழுதிய 'தி ஃபர்ஸ்ட் இண்டியன்' புத்தகத்தைப் படித்துப் பாருங்கள். கோவாவில் 'மாதேயி' படகைக் கட்டிய பாடு, கிளம்புமுன் பட்ட பாடு எல்லாம் அதில் வருகிறது. அதே படகில் 2012 நவம்பரில் கிளம்பிய அபிலாஷ் டோமி எங்கும் நிற்காமல் சுற்றிவிட்டு 2013 மார்ச்சில் திரும்பினார். தனியாகப் போகிறவருக்குப் பின்னால் பல கைகளும் பல வருஷ வேலையும் இருக்கின்றன. ஜெசிகாவுக்கும் இருந்தன. படத்தில் அதற்கெல்லாம் அவசரம்.

படம் முடிந்ததும் அந்தப் பெண் சொன்னார்: "நானும் பதினாறு வயசுலதான் மில்லு ஆஸ்டலுக்குப் போனனுங். மூணு வருசம்."

எந்த மில் என்று நான் கேட்கவில்லை. சுமங்கலித் திட்டம் என்று மங்களகரமாகப் பெயர் வைத்து, நம் பகுதி நூல் மில்கள் பல செய்ததுதான். பதினாலு, பதினாறு வயதுப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். முடிவில் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாகத் தருவோம் என்பார்கள். பாதியில் திரும்பினால் அந்தப் பணம் பெரும்பாலும் போச்சு. வெளியே போக, போன் பேச வார்டன் அனுமதி வேண்டும். நாம் போடும் பனியனில் அந்த நூலும் இருந்தது.

நான் காமர்ஸ் படித்தவன். கணக்குப் போடாமல் இருக்க முடியாது. ஜெசிகாவுக்கு 210 நாள், இவருக்கு 1,095 நாள். நடுக்கடலில் இருந்தவள் சாட்டிலைட் போனில் அம்மாவோடு பேசினாள். நூறு கிலோமீட்டர் தள்ளி இருந்தவரால் நினைத்த நேரத்துக்குப் பேச முடியவில்லை. அந்தப் பெண்ணை அனுப்பலாமா என்று ஒரு நாடே விவாதித்தது. இவரை அனுப்பியபோது தெருவில்கூட யாரும் கேட்கவில்லை.

ஆகவே, பதினாறு வயசு சின்ன வயசா என்பதல்ல கேள்வி. போகலாமா என்று அவளைக் கேட்டார்களா? கடைசிப் புயலுக்கு முன் கரைக்கு வந்துவிடு என்கிறார் பென். ஜெசிகா மறுக்கிறாள். முடிவு அவள் கையில்தான் இருக்கிறது. படத்தின் உயிர் அந்த இடம்தான். இயக்குநர் சாரா ஸ்பில்லேன் அதைப் புயலுக்குப் பில்டப்பாக மட்டும் வைத்துவிட்டார்.

இருந்தாலும் பாருங்கள். பெண் குழந்தைகளோடு பாருங்கள். முடிந்ததும் டி.வி.யை அணைத்துவிட்டு, "நீ எங்கே போக ஆசைப்படறே?" என்று கேளுங்கள். என்ன பதில் வந்தாலும் உடனே 'வேண்டாம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.