ஸ்டெப்னி இருக்கிறதா?

ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் பக்கம் நிற்கிற யாத்திரை வேன்களைக் கவனித்திருப்பீர்கள். காஸ் அடுப்பு, அண்டா, தண்ணீர் கேன், ஜன்னலில் காயும் ஈர வேட்டி. நம்மூர் ‘கேரவன்’ அதுதான். சினிமாக்காரர்களுடையது வேறு ரகம்.

‘நோமாட்லேண்ட்’ (2020) படத்திலும் ஒரு வேன்தான் கதாநாயகன். அமெரிக்காவில் நெவாடா மாநிலத்து எம்பயர். 2011-ல் ஜிப்சம் ஃபேக்டரியை மூடியதும் ஊரே காலி. கணவனை இழந்த ஃபெர்ன் வேனையே வீடாக்குகிறாள். அவன் வைத்திருந்த தூண்டில் பெட்டி, சமையல் மேடையாகிறது. கழிப்பறைக்கு பக்கெட். எல்லாம் சரி, டயர் பஞ்சரானால் ஸ்டெப்னி இல்லை! ஸ்வாங்கி என்கிற பெரியம்மா அவளைப் பிடித்து ஒரு டோஸ் விடுகிறார் பாருங்கள்... படத்தின் உயிரே அங்குதான். ஸ்வாங்கி நடிகையல்ல, நிஜமாகவே வேனில் வாழ்ந்தவர்.

இயக்குநர் க்ளோயி ஜாவோவுக்கு 2021-ல் ஆஸ்கர் கொடுத்தது நியாயமே. ஆனால், ஜெசிக்கா ப்ரூடரின் மூலப் புத்தகத்தில் (2017), அமேசான் கிடங்கில் வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயசானவர்கள் உழைப்பதைப் படித்தால் வயிறு எரியும். படமோ அழகான சூரிய அஸ்தமனத்தைக் காட்டி நைசாக நகர்ந்துவிடுகிறது. அது சறுக்கல்.

நம் யாத்திரை வேன் ஊர் திரும்பிவிடும். ஃபெர்னுக்குத் திரும்ப ஊரே இல்லை. திருச்சியில், ஸ்ரீரங்கத்தில், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு ஃபிளாட்டில் தனியாக இருக்கும் அப்பா, அம்மாக்களுக்கு வீடு இருக்கிறது. ராத்திரி நெஞ்சு வலித்தால் கதவைத் தட்ட ஆள் இருக்கிறதா?

படம் முடிந்ததும் போன் போட்டுக் கேளுங்கள். ஸ்டெப்னி என்பது அதுதான்.