ஒற்றனும் சிங்கக் குட்டியும்

"பொழுது போவதற்காகப் பார்ப்பது படம், அதற்கும் ஓர் ஆராய்ச்சியா?" என்று கேட்கும் நண்பர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். பொழுது போகிறது, உண்மை. போகிற பொழுது நம்மிடமிருந்து எதை எடுத்துக்கொண்டு போகிறது, எதை விட்டுவிட்டுப் போகிறது என்பதுதான் நம் கேள்வி.

விடுமுறை நாட்களில் சில உளவுப் படங்களையும் சில சித்திரப் படங்களையும் பார்த்தோம். புதியவை சில, பழையவை சில. கொட்டகையில் சில, கைப்பேசியில் சில. ஒற்றன் படம் வாலிபருக்கு, சித்திரப் படம் குழந்தைக்கு என்று பிரித்துவைப்பது வழக்கம். பார்த்து முடித்தபோது நமக்குத் தோன்றிய பிரிவினை வேறு. ஒன்று, யாரைக் கண்டு அஞ்சவேண்டும் என்று கற்பிக்கிறது. மற்றொன்று, யாரைக் கண்டு வணங்கவேண்டும் என்று கற்பிக்கிறது. அச்சம், வணக்கம்! மனிதனை அடிமையாக்க இவ்விரண்டினும் பழைய கருவிகள் உண்டோ?

சித்திரப் படத்திலிருந்து தொடங்குவோம். 2019-இல் வந்த 'லயன் கிங்', 1994-ஆம் ஆண்டுப் படத்தின் மறுவடிவம். தமிழில் சிம்பாவுக்குச் சித்தார்த்தும், சிற்றப்பன் ஸ்காருக்கு அரவிந்த்சாமியும் குரல் கொடுத்தனர். கணிப்பொறி தீட்டிய பிடரிமயிர் காற்றில் அசையும் அழகை மறுப்பதற்கில்லை. ஆனால், தொடக்கக் காட்சியைக் கூர்ந்து பாருங்கள். குன்றின் உச்சியில் குட்டி தூக்கிக் காட்டப்படுகிறது. கீழே மானும் வரிக்குதிரையும் மண்டியிடுகின்றன. யாருக்கு? நாளை தம்மைத் தின்னப்போகிறவனுக்கு! சிங்கம் செத்தால் மண்ணாகும், மண் புல்லாகும், அந்தப் புல்லை மான் தின்னும், ஆகவே கணக்குச் சரி என்று தந்தைச் சிங்கம் தத்துவம் பேசுகிறது. மானைக் கேட்டு எழுதிய கணக்கல்ல அது!

கழுதைப்புலிகள் எல்லைக்கு அப்பால், இருண்ட நிலத்தில் கிடக்கின்றன. அவற்றின் பசிக்குக் காரணம் சொல்லப்படுவதில்லை. அவற்றின் இழிவு மட்டும் காட்டப்படுகிறது. ஊருக்கு வெளியே ஒரு நிலம், அங்கே வாழ ஒரு கூட்டம்; இந்த ஏற்பாட்டை நாம் வேறெங்கும் கண்டதே இல்லையா, தோழர்களே?

இறுதிக் காட்சிதான் நம்மைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. உரிமையற்றவன் ஆண்டதால் காடு வறண்டதாம். உரிய வாரிசு திரும்பியதும் மழை கொட்டியதாம். "மாதம் மும்மாரி பெய்கிறதா?" என்று அமைச்சரைக் கேட்ட நம் நாடக மன்னர்கள், ஆப்பிரிக்கக் காட்டுக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள் போலும்! கம்பம் பள்ளத்தாக்கில் இருந்து இதைப் பார்ப்பவனுக்குச் சிரிப்பு வரவேண்டும். இந்த மண்ணுக்கு நீர் வந்தது எந்தப் பட்டத்து இளவரசனின் திருவடியாலும் அன்று. மேற்கே ஓடிக் கடலில் கலந்த பெரியாற்றை மலையிடையே மறித்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் முடிந்தது. பென்னிகுவிக் என்னும் பொறியாளரின் அறிவும், வெள்ளத்திலும் காய்ச்சலிலும் மாண்ட எண்ணற்ற தொழிலாளரின் உழைப்பும் கொண்டுவந்த நீர் அது. இருபோக நெல்லும் வாழையும் பன்னீர்த் திராட்சையும் அந்த நீரின் பிள்ளைகள். பென்னிகுவிக்கின் படத்துக்கு முன் பொங்கல் வைக்கும் நம் உழவர்களின் நன்றியுணர்வைப் போற்றுகிறோம். ஆனால் நன்றி வேறு, பூசை வேறு. அவரையும் இன்னொரு சாமியாக்கிவிட்டால், கல் சுமந்து மாண்டவர்களை யார் நினைப்பார்கள்?

இதற்கு நேர் எதிரான படம் ஒன்று உண்டு. 2007-இல் வந்த 'ராட்டட்டூயி'. பாரிசு நகரத்துச் சமையற்கட்டில் ஓர் எலி சமையற்கலைஞனாகிறது! எலி என்றால் விரட்டு, அடி, நஞ்சு வை என்பதே உலக வழக்கம். அந்த வழக்கத்தையே எள்ளி நகையாடுகிறது கதை. கலைஞன் எங்கிருந்தும் வரலாம் என்பதைக் கடுமையான விமர்சகர் ஒருவரே இறுதியில் ஒப்புக்கொள்கிறார். 'லயன் கிங்' பிறப்பைப் பாடுகிறது. இந்தப் படம் திறமையைப் பாடுகிறது. குழந்தைக்கு எதைக் காட்டுவது என்று கேட்கும் பெற்றோர்க்கு நாம் தயக்கமின்றிச் சொல்லுவோம்: எலியைக் காட்டுங்கள்!

இதற்குச் சான்று தேடிப் பாரிசுக்குப் போகவேண்டியதில்லை. 2007-இல் வந்த தமிழ்ச் சித்திரப் படம் 'இனிமே நாங்கதான்'. 1986-இல் வந்த உளவுப் படம் 'விக்ரம்'. இரண்டுக்கும் இசையமைத்தவர் ஒருவரே. நம் பக்கத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராசா. அண்ணன் பாவலர் வரதராசனோடு பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துத் திரிந்த சிறுவன், எந்தக் குன்றின் உச்சியிலும் தூக்கிக் காட்டப்பட்டவன் அல்லன்.

2025 சூலையில் வந்து பெரும் வசூல் கண்ட 'மகாவதார் நரசிம்மா'வையும் பார்த்தோம். தூண் பிளக்கும் காட்சியில் கொட்டகையே அதிர்கிறது. கருவி இருபத்தோராம் நூற்றாண்டினது. கருத்தோ புராண காலத்தது. பக்தி கொள்வோர் கொள்ளட்டும். நாம் கேட்பது கலைபற்றிய கேள்வி. குடல் கிழிக்கப்படுகிறவன் பக்கம் ஒரு நியாயமேனும் இருக்கலாகாதா? பாரதிதாசன் 1934-இலேயே 'இரணியன் அல்லது இணையற்ற வீரன்' நாடகத்தில் அந்தப் பக்கத்தைக் காட்டினார். கணிப்பொறி இல்லை, கோடி இல்லை, துணிவு இருந்தது. இன்று கோடிகள் இருக்கின்றன!

இனி ஒற்றர்களிடம் வருவோம். சேம்சு பாண்டைப் படைத்த இயான் பிளெமிங், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிசுக் கடற்படை உளவுத்துறையில் பணியாற்றியவர். முதல் கதை 1953-இல் வந்தது. முதல் திரைப்படம் 1962-இல் வந்தது. ஆண்டுகளைக் கவனியுங்கள். 1947-இல் இந்தியா கைவிட்டுப் போயிற்று. 1956-இல் சூயசில் மானம் போயிற்று. பேரரசின் கதிரவன் சாயச் சாய, அதன் ஒற்றன் திரையில் உயர உயர எழுந்தான்! இழந்த அதிகாரத்தைக் கனவில் மீட்டுக்கொள்ளும் வித்தை அது.

1983-இல் வந்த 'ஆக்டோபசி' உதயப்பூரில் எடுக்கப்பட்டது. உலகத் தரமான டென்னிசு வீரர், சென்னைத் தமிழர் விசய் அமிர்தராசு அதில் நடித்தார். எந்தக் கோலத்தில் அறிமுகமாகிறார் தெரியுமா? மகுடி ஊதும் பாம்பாட்டியாக! சந்தையில் நடக்கும் துரத்தலில் வாள் விழுங்குபவன், ஆணிப் படுக்கை, நெருப்புத் தணல் என்று வரிசையாக வருகின்றன. பம்பாயில் அணு உலை 1956-லேயே இயங்கத் தொடங்கிய நாட்டைப் பாம்புக்கூடையாகச் சுருக்கிக் காட்டினார்கள். நாமோ கைதட்டி மகிழ்ந்தோம்.

நம்மவர் ஒற்றர்கள் எப்படி? சுசாதா எழுதிய 'விக்ரம்', ஏவுகணையையும் கணிப்பொறியையும், அக் கணிப்பொறியை இயக்கத் தெரிந்த பெண்ணையும் சிற்றூர்க் கொட்டகைக்குக் கொண்டுவந்தது, அது நன்மையே. 2013-இல் வந்த 'விசுவரூபம்' இசுலாமிய அமைப்புகளின் எதிர்ப்பால் தடைப்பட்டு, மாற்றங்களோடு பிப்ரவரி 7-இல் தமிழ்நாட்டில் வெளியாயிற்று. அதன் கதைத்தலைவனே முசுலிம்தான். ஆயினும், துப்பாக்கியும் தொழுகையும் ஒரே சட்டத்துள் மீண்டும் மீண்டும் வரும்போது பார்ப்பவன் நெஞ்சில் எது தங்கும்? உத்தமபாளையத்தில் 1956-இல் ஆசி கருத்த ராவுத்தர் பெயரால் எழுந்த கல்லூரியில் எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் படித்துப் பட்டம் பெற்றார்கள். பக்கத்து வீட்டுக்காரரை முப்பது ஆண்டு அறிந்தவன், மூன்று மணி நேரப் படத்தைப் பார்த்து அவரை ஐயுறலாமா? இதுதான் அச்சத்தின் ஆற்றல்.

2022-இல் வந்த 'சர்தார்' நம் மனத்துக்கு நெருங்கிய படம். ஒற்றன் ஒரு நாடகக் கலைஞன். காக்கப்படுவது ஏவுகணை அன்று, குடிநீர்! நீரைக் குழாயில் அடைத்து விற்கும் வணிகனே பகைவன். கார்த்தி இரு வேடங்களில் நடித்த இப் படத்தின் அடிப்படை எண்ணத்தை மனமாரப் பாராட்டுகிறோம். ஒரே குறை: ஓர் ஆள் குதித்து வந்து நீரைக் காப்பாற்றிவிடுகிறான். நீரைக் காத்தவர்கள் அப்படிக் காத்ததில்லை. ஊர் கூடி, மனு எழுதி, மறியல் செய்து, நீதிமன்றப் படி ஏறிக் காத்தார்கள். 2012-இல் ஆனந்த் குழு அணை வலுவாக உள்ளதென்று அறிக்கை தந்தது. 2014 மே 7-இல் 142 அடி வரை தேக்கலாம் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதில் சண்டைக் காட்சி இல்லை. ஆகவே எவரும் படம் எடுக்கவில்லை!

அச்சத்தை மட்டும் எடுக்கிறார்கள். 2011-இல் 'டேம் 999' வந்தது. தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்டது. 2025 மார்ச்சில் மோகன்லால் நடித்த 'எம்புரான்' வந்தபோது, நெடும்பள்ளி என்று பெயரிடப்பட்ட அணையைப் பற்றிய பேச்சு முல்லைப் பெரியாற்றையே குறிக்கிறதென்று கம்பத்தில் உழவர்கள் போராடினார்கள். அவர்கள் சினம் நமக்குப் புரிகிறது. விடியற்காலையில் ஜீப்பில் தொற்றிக் குமுளி மலையேறி, ஏலத் தோட்டத்தில் உழைத்து மாலையில் இறங்கிவரும் நம் பெண்களைக் கேட்டுப் பாருங்கள். 2011 டிசம்பரில் எல்லை கொதித்தபோது கூலி இழந்து தவித்தவர்கள் அவர்கள். திரையில் உடையும் அணை பொய்; தரையில் உடையும் உறவு மெய்.

ஆயினும் தடைதான் மருந்தா? நாம் அப்படி எண்ணவில்லை. எம். ஆர். இராதாவின் நாடகங்கள் மீது தடை பாய்ந்த வரலாற்றை அறிந்தவர்கள், இன்னொருவர் படத்துக்குத் தடை கேட்கும் முன் சற்றே நிற்கவேண்டும். பொய்யை மூடி மறைத்தால் அது இருட்டில் வளரும். வெளிச்சத்தில் நிறுத்தி, இரண்டே கேள்வி கேட்டால் வெளுத்துவிடும். இந்தப் படம் யாரைக் கண்டு என்னை அஞ்சச் சொல்கிறது? யாரை நான் வணங்கவேண்டும் என்கிறது?

படிப்பகங்களில், தேநீர்க் கடைகளில், வகுப்பறைகளில் இந்த இரண்டு கேள்விகளைப் பரப்புங்கள், இளைஞர் தோழர்களே! ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "மான் ஏன் மண்டியிட வேண்டும்?" என்று எழுந்து கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு முன் எந்தச் சிங்கத்தின் கர்ச்சனையும் எடுபடாது.