மீட்க வேண்டியது எந்தத் தண்ணீர்?
திண்டுக்கல் கிணறுகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

சுத்திகரிப்பு என்கிற சொல்லை யாரும் எதிர்ப்பதில்லை. ஆலை முதலாளி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், நீதிமன்றம், விவசாய சங்கம், நம்மைப் போலப் பத்திரிகை நடத்துகிறவர்கள் என எல்லோருக்கும் அது பிடித்திருக்கிறது. இப்படி எல்லோருக்கும் பிடித்துப்போன சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க வேண்டும். எதை அசுத்தம் என்கிறார்கள்? யார் சுத்தம் செய்கிறார்கள்? சுத்தமானபின் அது யார் கைக்குத் திரும்பப் போகிறது?

தண்ணீரைச் சுத்திகரிக்க நம்மிடம் ஒரு பழைய முன்மாதிரி உண்டு. 1927 மார்ச் 20 அன்று மகாராஷ்டிரத்தின் மகத் நகரில் அம்பேத்கரும் ஆயிரக்கணக்கான தலித்துகளும் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார்கள். பிறகு சாதி இந்துக்கள் சாணம், கோமியம், பால், தயிர் கலந்த 108 குடங்களைக் குளத்தில் கொட்டி, மந்திரம் ஓதிக் குளத்தைச் 'சுத்தி' செய்தார்கள். வேதியியல்படி பார்த்தால் குளம் அசுத்தமானது அப்போதுதான். ஆனால் சுத்தம் என்பது வேதியியலாக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை.

அழுக்கு என்பது தன் இடத்தில் இல்லாத பொருள் என்கிற பார்வையை மானுடவியலாளர் மேரி டக்ளஸ் 1966இல் விரித்தெழுதினார். இந்தப் பார்வையோடு திண்டுக்கல்லுக்குப் போகலாம்.

2

மதுரையிலிருந்து வடக்கே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். 1985 வரை திண்டுக்கல்லும் மதுரை மாவட்டம்தான். ஊரைச் சுற்றித் தோல் ஷாப்புகள். ஒரு காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத் தோல் பதனிட்டார்கள். 1970களில் மத்திய அரசு அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுமையாக முடித்த தோலை ஊக்குவித்தது. அந்நியச் செலாவணி வேண்டுமே. அதன் பிறகுதான் தமிழகத்தில் குரோமியப் பதனிடல் பெருகிற்று.

குரோமியம் பெயர்பெற்ற நஞ்சு. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் புற்றுநோய் தரும் என்பதால் பத்திரிகைகளுக்கும் அது பிடிக்கும். திண்டுக்கல் கிணறுகளைக் கெடுத்ததில் பெரும் பங்கு சாதாரண உப்புக்கு உண்டு என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புத் தடவி அனுப்புகிறார்கள். தோல் ஷாப்பில் முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. கழுவிய தண்ணீர் ஓடைக்கும் குளத்துக்கும் போயிற்று, அங்கிருந்து மண்ணுக்குள் இறங்கிற்று. தோலில் இருக்கும்வரை உப்பு பாதுகாப்பு. கிணற்றுக்குள் வந்தால் அதுவே மாசு.

உயிரியல் முறையில் இயங்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நாற்றத்தைக் குறைக்கும், உப்பைக் குறைக்காது. எதிர்ச் சவ்வூடு பரவல் எந்திரம் (அதாங்க, ஆர்.ஓ.) உப்பைப் பிரித்தெடுக்கும், அழிக்காது. ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறுபக்கம் இன்னும் கரிக்கிற தண்ணீர். அதைக் காயவைத்தால் உப்பு மூட்டை. மூட்டையை எங்கே வைப்பது? இங்கே சுத்திகரிப்பு என்பது அசுத்தத்தை வேறு யாருடைய இடத்துக்கோ அனுப்புவதுதான்.

3

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் அளித்த தீர்ப்பைச் சுற்றுச்சூழல் வட்டாரத்தில் வேதம்போல் சொல்வார்கள். மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்கிற கொள்கையை அந்தத் தீர்ப்பு இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. ஒவ்வொரு தோல் ஷாப்புக்கும் 10,000 ரூபாய் அபராதம், இழப்பை மதிப்பிட ஒரு அதிகார அமைப்பு, சுற்றுச்சூழல் நிதி என்றெல்லாம் ஆணையிட்டது. அதன் முக்கியத்துவத்தை நாம் மறுக்கவில்லை. நம் அக்கறை அந்தப் பிரதி எதை எந்த அலகால் எண்ணுகிறது என்பதில்.

அதற்குள் இரண்டு வகை எண்ணிக்கைகள் இருக்கின்றன. ஒன்று, மேலிருந்து எண்ணுவது. தோல் ஷாப்புப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ கெட்டுவிட்டது என்கிறது தீர்ப்பு. மற்றொன்று, கீழிருந்து எண்ணுவது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களின் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வக் குழு கிணறு கிணறாகப் போய்ப் பார்த்தது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டிருந்தன. பெண்களும் குழந்தைகளும் குடிதண்ணீருக்காக மைல் கணக்கில் நடக்கிறார்கள் என்றும் தீர்ப்பு பதிவு செய்கிறது.

ஹெக்டேர் என்பது உடைமையின் அலகு. அதற்குப் பட்டா உண்டு, சர்வே எண் உண்டு. நடந்து தண்ணீர் தூக்கும் பெண்ணுக்கு இவை தேவையில்லை, இடுப்பும் குடமும் போதும். நட்டஈடு என்று வந்தபோது எது வென்றது? வேலூர் மாவட்டத்துக்கு 2001இல் தரப்பட்ட மதிப்பீடு 186 கிராமங்களில் ஏறத்தாழ 15,000 ஹெக்டேர் விளைநிலத்தையும், பாதிக்கப்பட்டவர்களாக 29 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரையும் கணக்கில் எடுத்து, ஏறத்தாழ 27 கோடி ரூபாய் என்றது. சராசரியாகப் பார்த்தால் ஆளுக்குப் பத்தாயிரத்துக்கும் குறைவு. அதுவும் ஒழுங்காகப் போய்ச் சேராமல், 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டிவந்தது. நடந்தவளின் நடை எந்தக் கணக்கில் ஏறிற்று?

4

'எவ்வளவு சுத்தம் போதும்' என்கிற கேள்விக்கும் ஓர் அரசியல் இருக்கிறது. கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை நமக்குத் தெரிந்த உதாரணம். பாதரசம் கலந்த மண்ணை எந்த அளவுவரை சுத்தம் செய்வது என்று வருடக்கணக்கில் வாதம் நடந்தது. கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று முடிவாயிற்று. இது போதாது, இங்கிருந்து இறங்கும் நீர் கும்பக்கரை வழியாகக் கீழே சமவெளிக்கு வருகிறது என்றார்கள் செயல்பாட்டாளர்கள். இப்படிப்பட்ட எண் பாறையில் எழுதப்பட்ட உண்மை அல்ல. அந்த மண்ணில் நாளை யார் இருப்பார், எவ்வளவு நேரம் இருப்பார், எதைத் தின்பார் என்கிற கற்பனைகளிலிருந்து பிறப்பது.

குடிநீருக்கும் இதே கதைதான். இந்தியத் தர நிர்ணயம் ஒரு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் குரோமியம் வரை அனுமதிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இத்தகைய வரம்புகளைக் கணக்கிடும்போது வழக்கமாக மனதில் வைப்பது, 60 கிலோ எடையுள்ள, நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குடிக்கும் ஒரு மனிதரை. சித்திரை வெயிலில் களை வெட்டும் பெண் இரண்டு லிட்டரோடு நிறுத்துவாரா? அவர் எடை 60 கிலோ இருக்குமா? அறிவியல் பொய் சொல்கிறது என்று நாம் சொல்லவில்லை. அந்தக் கணக்குக்குள் ஓர் உடல் ஒளிந்திருக்கிறது. அது நம் வயற்காட்டு உடல் இல்லை.

5

சுற்றுச்சூழல் சொல்லாடலில் 'மீட்பு' என்பதும் புனிதச் சொல்தான். சேதமான சூழலை மீட்பதும் நீடித்த வளர்ச்சியின் பகுதியே என்றது 1996 தீர்ப்பு. எந்த நிலைக்கு மீட்பது? 'முன்பிருந்த' நிலைக்கா?

முன்பு எப்படி இருந்தது? கிணறு ஊருக்கு இருந்தது, சேரிக்கு இல்லை. பல இடங்களில் தலித்துகள் கிணற்றடியில் நின்று, யாராவது ஊற்றினால்தான் தண்ணீர். உப்புக் கரிக்கும் முன்பே அந்தத் தண்ணீர் அவர்களுக்கு எட்டாததாக இருந்தது. 'நம்ம கிணறு தேன் மாதிரி இருக்கும்' என்று பெரியவர்கள் ஏங்கும்போது அந்த 'நம்ம'வில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாக வேண்டும். இழந்த பொற்காலத்தைப் பாடும் பசுமைக் கவிதைகள் இந்த இடத்தில் சறுக்குகின்றன.

தோல் தொழிலுக்கு எதிரான பேச்சுக்குள்ளும் ஒரு விஷம் உண்டு. தமிழகத் தோல் தொழிலில் முதலாளிகளில் பலர் முஸ்லிம்கள், தொழிலாளர்களில் பெரும்பகுதி தலித்துகள். தோலைத் தொட்டால் தீட்டு என்று நினைக்கிற மூக்கு, 'நாற்றம், நோய்' என்று புகார் சொல்லும்போது அது சூழலியலா, சாதியா? இரண்டும் கலந்தே வரும். இன்னொரு பக்கம், தோல் ஷாப்புத் தொழிலாளர்களைத் திரட்டி வளர்ந்த திண்டுக்கல் இடதுசாரி இயக்கத்துக்குச் செங்கொடி வரலாறு உண்டு. என்றாலும் கூலியும் போனசும் பேசிய அளவுக்குக் கிணற்றைப் பேசினோமா? வெறுங்காலோடு சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கிய உடல்தான் மாலையில் வீடு திரும்பிக் கெட்ட தண்ணீரைக் குடித்தது. ஆலைக்குள் தொழிலாளி, ஆலைக்கு வெளியே 'பாதிக்கப்பட்ட பொதுமக்கள்' என்று அந்த உடலை நாமே இரண்டாக வெட்டினோம்.

6

சரி, அப்ப என்னதான் பண்றது, சுத்தமே செய்ய வேண்டாம்ங்கிறியா என்று தோழர்கள் கேட்கலாம். செய்யத்தான் வேண்டும். ஆனால் அதன் எல்லை தெரிந்து செய்ய வேண்டும்.

நம் சமவெளிக்கு அடியில் இருப்பது கடினப் பாறை. மேலே சிதைந்த அடுக்கு, கீழே வெடிப்புகள். நிலத்தடி நீர் இந்தச் சிதைவிலும் வெடிப்பிலும்தான் தங்குகிறது. மாசும் அப்படியே தங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பாறையின் நுண்துளைகளுக்குள் ஊடுருவும். மோட்டார் வைத்து இறைத்தால் வெடிப்பிலிருக்கும் தண்ணீர் முதலில் தெளியும். இறைப்பதை நிறுத்தினால் துளைக்குள் இருப்பது மெல்ல வெளியே வரும். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 1994இல் இப்படி இறைத்துச் சுத்திகரித்த 77 இடங்களை ஆராய்ந்தது. இலக்கை எட்டியவை 8 மட்டும். பணமும் எந்திரமும் குவிந்த நாட்டில் இந்த நிலைமை. இங்கே வாக்குறுதி தருகிறவர்கள் இதை மக்களிடம் சொல்வதில்லை.

ராணிப்பேட்டையில் குரோமிய உப்புகள் தயாரித்த ஓர் ஆலை 1990களின் நடுவில் மூடப்பட்டது. ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத குரோமியக் கழிவு கால் நூற்றாண்டுக்கும் மேல் வளாகத்திலேயே குன்றாகக் கிடந்தது. ஒவ்வொரு மழைக்கும் மஞ்சள் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது. ஆலையை மூடினால் மாசும் மூடிக்கொள்ளும் என்பது பொய். கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுக் கம்பெனி போய்விடலாம், நிலத்தடி நீர் எங்கே போகும்?

2025 ஜூலையில் மத்திய அரசு மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கென்று தனி விதிகளை அறிவித்தது. சந்தேகத்துக்குரிய இடங்களை மாவட்ட நிர்வாகமோ உள்ளாட்சியோ பட்டியலிட வேண்டும். மாநில வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும். பொறுப்பாளியைக் கண்டுபிடித்துச் செலவை வசூலிக்க வேண்டும், ஆள் அகப்படாவிட்டால் அரசே செய்ய வேண்டும். காகிதத்தில் நல்ல விதிதான். ஆனால் 'சந்தேகத்துக்குரிய இடம்' என்று முதலில் பெயர் வைக்கிறவர் யார்? அந்த அதிகாரத்தில் நாம் தலையிட முடியும்.

அன்று 13 கிராமங்களில் கிணறு கிணறாக எண்ணினார்கள் அல்லவா, அதைத் திரும்பவும் செய்ய வேண்டும். திண்டுக்கல்லில் மட்டுமல்ல, மதுரையைச் சுற்றிலும் மூடிக் கிடக்கும், மனைகளாக மாறிக்கொண்டிருக்கும் ஆலை நிலங்களின் ஓரத்திலும். பதிவேட்டில் கிணற்றின் சொந்தக்காரர் பெயர் மட்டும் போதாது. அதில் யார் இறைத்தார்கள், யார் இறைக்க விடப்படவில்லை, கெட்டபின் யார் எவ்வளவு தூரம் நடந்தார்கள், இன்றைக்குக் குடத்துக்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். 'எவ்வளவு சுத்தம் போதும்' என்று நிபுணர் கேட்டால் அந்தப் பதிவேட்டைக் காட்டி, முதலில் யாருக்கு என்று நாம் கேட்போம். மகத் குளத்தில் கொட்டிய 108 குடங்கள் தண்ணீரை யாரிடமிருந்து காப்பாற்றின என்பது தெரிந்த நாம், அடுத்த சுத்திகரிப்புத் திட்டம் நம் ஊருக்கு வரும்போது வெறும் பயனாளிகளாக வரிசையில் நிற்க வேண்டியதில்லை.