மெய்நிகர் ஹஜ்ருல் அஸ்வத்: சில சிந்தனைகள்

2021 டிசம்பரில் இரு புனிதப் பள்ளிவாசல்களின் நிர்வாகத் தலைமையகம், உம்முல் குரா பல்கலைக்கழகத்தின் துணையுடன் 'மெய்நிகர் ஹஜ்ருல் அஸ்வத்' திட்டத்தைத் தொடங்கியது. மக்காவுக்கு வருமுன்பே முஸ்லிம்கள் அக்கல்லைக் கண்டுகொள்ளச் செய்வதே நோக்கம் எனக் கூறப்பட்டது. கொரோனாத் தடுப்புக்காகக் கஃபாவைச் சுற்றி வேலியிடப்பட்டிருந்த காலம் அது. 2022 ஆகஸ்டில்தான் வேலி அகற்றப்பட்டது. மக்காவில் நின்றவருக்கே கல் கைக்கெட்டாத நாளில் பிறந்த திட்டம் என்பதை மறந்து அதனை எடைபோடுவது நியாயமாகாது.

அதே ஆண்டு மே மாதம் அக்கல்லை ஏழு மணி நேரம் 1,050 படங்களாக எடுத்து, 49,000 மெகாபிக்சல் அளவில் ஒரே படமாக்கி வெளியிட்டிருந்தனர். அது தட்டைப் படம். தலையில் மாட்டும் கருவியோ இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகளைத் தருகிறது. தலை திரும்பினால் காட்சியும் திரும்புகிறது. இரு கண் காட்சி ஒன்றாகும் விதத்தை இப்னுல் ஹைஸம் தமது 'கிதாபுல் மனாழிர்' நூலில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்துள்ளார். (நம்மவர் அன்றே கண்டது என்று மார்தட்டுவதற்காக இதனைக் கூறவில்லை, அந்தப் பழக்கம் நமக்கு ஒரு நன்மையும் செய்ததில்லை.) ஒரு பொருளின் தொலைவை, அதற்கும் கண்ணுக்கும் இடையே தொடர்ந்து கிடக்கும் பொருட்களைக் கொண்டே மதிப்பிடுகிறோம் என்றும் அவர் விளக்குகிறார். கருவியில் இல்லாதது அந்த இடைப்பட்ட நிலமே.

குன்னம் வட்டத்து லெப்பைக்குடிக்காட்டில், வளைகுடாவிலிருந்து வந்த பழைய மாணவர் ஒருவர் இத்தகைய கருவியொன்றில் கஃபாவின் முப்பரிமாண மாதிரியை நமக்குக் காட்டினார். உடனிருந்த ஹாஜியார் ஒருவர் அதனை அணிந்ததும் கையை நீட்டினார். கை வெறுங்காற்றில் நின்றது. கழற்றிவிட்டு, "ஹஜ்ரத், எல்லாம் சரிதான், ஆனால் நம்மை யாரும் இடிக்கவே இல்லையே?" என்றார்.

2022 பிப்ரவரியில் துருக்கியின் சமய விவகாரத் துறை, இவ்வாறு காண்பது ஹஜ்ஜாகாது என அறிவித்தது. அதில் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. தவாஃப் உடலால், அவ்விடத்தில் செய்யப்படும் வணக்கம். நமக்குள்ள ஐயம் வேறு. அக்கல் நன்மையோ தீமையோ செய்யாது எனத் தாம் அறிந்திருப்பதாகவும், நபி (ஸல்) அவர்கள் முத்தமிடக் கண்டதாலேயே தாமும் முத்தமிடுவதாகவும் உமர் (ரலி) அவர்கள் கூறியதை நாம் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறோம். அங்கே பேணப்படுவது ஒரு செயல். கருவி பேணுவது ஒரு பொருளின் தோற்றம். கல்லின் ஒவ்வொரு சில்லையும் கண்ணருகே கொணரும் அது, நெரிசலில் முத்தமிட இயலாதவர் தொலைவிலிருந்து கையால் சைகை செய்து கடந்து செல்லும் சுன்னத்தைப் பயிற்றுவிக்கிறதா? நாம் கண்ட மாதிரியில் அதற்கு வழியில்லை. கல்லை நோக்கி நெருங்க மட்டுமே முடிந்தது.

ஆகவே ஹஜ் பயிற்சி வகுப்பின் முதல் நாளில், வாயில் எது, மகாமு இப்ராஹீம் எங்கே, ஹிஜ்ரு எப்பக்கம் என்று காட்டுவதற்கு மட்டும் கருவியை வைத்துக்கொண்டோம். இரண்டாம் நாள் வழக்கம்போல் அட்டைக் கஃபாவை முற்றத்தின் நடுவில் நிறுத்தி, எல்லோரையும் ஏழு சுற்று நடக்கச் செய்தோம்.