ஒல்லாந்தரின் நூதனசாலையும் எங்கள் வண்ணக்கரின் பெட்டகமும்

மட்டக்களப்பு வாவிக்கும் ஒல்லாந்துக்கும் நானூறு ஆண்டுப் பழக்கம் உண்டு. 1602 மே மாதக் கடைசியில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற கப்பல் தலைவன் இந்தக் கரையில் வந்து இறங்கி, இங்கிருந்துதான் கண்டி மன்னன் விமலதர்மசூரியனைக் காணப் புறப்பட்டான். 1638இல் இரண்டாம் இராசசிங்கனுடன் சேர்ந்து மட்டக்களப்பின் புளியந்தீவுக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். அதே கோட்டைதான் பிறகு நெடுங்காலம் எங்களுக்குக் கச்சேரி, அதாவது அரச செயலகம்.

இப்போது பயணம் எதிர்த்திசையில் நடக்கிறது. எங்கள் களுதாவளையிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஐரோப்பாவில் குடியேறியவர்களின் பிள்ளைகள் கோடை விடுமுறைக்கு ஆம்ஸ்டர்டாம் போகிறார்கள். கால்வாய்ப் படகு, சைக்கிள், பிறகு நூதனசாலைத் திடல். அங்கே ரைக்ஸ்மியூசியமும் வான்கோ நூதனசாலையும் நவீன ஓவியங்களுக்கான ஸ்டெடலிக்கும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. படங்கள் அன்றிரவே வட்ஸ்அப்பில் ஊருக்கு வந்துவிடும். "எங்கட நடராசர் இங்கேயும் நிக்கிறார்" என்று ஒரு வரி. பெருமையா குறையா என்று பிரித்துச் சொல்ல முடியாத வரி அது. நூதனசாலைக்குப் போய்ப் பார்ப்பது என்ற வழக்கத்தில் நாம் எதைப் பெறுகிறோம், எதை விடுகிறோம் என்பதை அந்த வரியைப் பிடித்துக்கொண்டே பார்க்கலாம்.

முதலில் அவர்கள் செய்வதை நேர்மையாக மதிக்க வேண்டும். ரைக்ஸ்மியூசியத்தின் இன்றைய கட்டடம் 1885இல் திறக்கப்பட்டது. பத்தாண்டுத் திருத்த வேலைக்குப் பிறகு 2013இல் மறுபடி திறந்தார்கள். கையிருப்பு ஏறத்தாழப் பத்து இலட்சம் பொருட்கள். காட்சியில் இருப்பவை எண்ணாயிரம் அளவில். மீதி அத்தனையும் களஞ்சியத்தில். ஆனால் அவற்றில் பல இலட்சம் பொருட்களின் துல்லியமான படங்களை இணையத்தில் ஏற்றி, யாரும் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம் என்று 2012இலிருந்தே விட்டிருக்கிறார்கள். வெற்றிலைத் தோட்டத்து வரப்பில் இருந்துகொண்டே ஒரு களுதாவளைப் பெடியன் ரெம்பிரான்ட் ஓவியத்தின் தூரிகைத் தடத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்க்கலாம். நம் நாட்டு நூதனசாலை எதுவும் இந்த அளவுக்குத் தன் பெட்டகத்தைத் திறந்து வைக்கவில்லை.

அந்த ரெம்பிரான்டையே எடுத்துக்கொள்வோம். 'இராக்காவல்' என்று உலகம் அறிந்த ஓவியம், வரைந்த ஆண்டு 1642. 1715இல் அதை நகர மண்டபத்துக்கு மாற்றியபோது சுவரில் இடம் போதவில்லை. நான்கு பக்கமும் வெட்டினார்கள். இடப்பக்கத்தில் நின்ற மனிதர்களே காணாமற் போனார்கள். வெட்டுமுன் வேறொருவர் வரைந்துவைத்த சிறிய நகல் ஒன்று இருந்ததால்தான் போனது எதுவென்று தெரியும். 2019இலிருந்து கண்ணாடி அறை ஒன்றை எழுப்பி, பார்வையாளர் கண்முன்னாலேயே அந்த ஓவியத்தை ஆராய்ந்தார்கள். 2021இல், இழந்த ஓரங்களைக் கணினி கொண்டு ஊகித்து அச்சிட்டுச் சில மாதம் பக்கத்தில் பொருத்தியும் காட்டினார்கள். எங்கள் முன்னோர் இந்த ஓவியத்தைக் காயப்படுத்தினார்கள், காயம் இங்கே, அளவு இவ்வளவு என்று ஊரறியச் சொல்கிற துணிவு சாதாரணமல்ல.

இப்போது அதே வளாகத்தில், நீர் சூழக் கட்டிய ஆசிய மண்டபத்துக்கு வருவோம். சோழர் காலத்து நடராசர். உயரம் ஒன்றரை மீற்றருக்குச் சற்று மேல், எடை ஏறத்தாழ 300 கிலோ. இந்தியாவுக்கு வெளியே நூதனசாலைகளில் உள்ள சோழ நடராசர்களில் இதுவே பெரியது என்கிறார்கள். உள்ளே கூடா, கட்டியா என்று அறியச் சாதாரண எக்ஸ்ரே போதவில்லை. கொள்கலன்களைச் சோதிக்க ரொட்டர்டாம் துறைமுகச் சுங்கத்தில் வைத்திருக்கும் பெரிய கருவிக்குள் கொண்டுபோய்ப் படம்பிடித்தார்கள். திருவாசி உட்பட முழுக்கக் கட்டி வார்ப்பு என்று தெரிந்தது. தமிழ்க் கன்னானின் மெழுகு வார்ப்புத் திறமைக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை.

சிலையின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அறிய அவ்வளவு பாடுபட்டவர்கள், அது எந்தக் கோயிலின் வீதியில் உலா வந்தது என்பதை நமக்குச் சொல்லவில்லை. ஊர் என்ற இடத்தில் தமிழ்நாடு என்பதோடு சரி. 1935இல் ஆசியக் கலை நண்பர்கள் சங்கம் பாரிஸ் வணிகர் சி. டி. லூவிடமிருந்து வாங்கியது, எழுத்தில் உள்ள வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. ஓவியத்தில் வெட்டுப்பட்ட ஓரத்தை அங்குலம் அங்குலமாகத் தேடிய கை, சிலையிலிருந்து வெட்டுப்பட்ட எண்ணூறு ஆண்டைத் தேடுவதில் அதே வேகம் காட்டவில்லை. என் முதன்மையான குற்றச்சாட்டு இதுதான். கண்ணாடி, விளக்கு, நுழைவுச் சீட்டு எல்லாம் இதற்குப் பிறகு.

பூசையில்லாத சிலை செத்த சிலை என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. அதில் பாதி உண்மை இருக்கிறது. ஆனி உத்தரத்தில் நடராசர் பாலும் இளநீரும் சந்தனமும் ஆடுகிறார். களுதாவளைப் பிள்ளையாருக்கும் ஆனியில்தான் திருவிழா. ஆம்ஸ்டர்டாமில் அன்று அந்த வெண்கலத்தின் மேல் ஒரு துளி நீர் விழாது. விழுந்தால் காவலாளி ஓடிவருவார். மறுபாதியையும் சொல்ல வேண்டும். கோயிலில் பட்டும் மாலையும் சாத்திய பின் நமக்குத் தெரிவது முகமும் தூக்கிய பாதமும் மட்டுமே. இடுப்பின் திருப்பத்தையும், பறக்கும் சடையையும், முதுகையும் வார்த்தவன் எதற்காக அவ்வளவு நுணுக்கமாக வார்த்தான் என்பதை நூதனசாலைதான் காட்டுகிறது. இன்னொன்றும் உண்டு. எந்தக் குடி, எந்தச் சாதி, எதுவரை உள்ளே வரலாம் என்று அங்கே எவரும் கேட்பதில்லை. நம் கோயில் வாசல்களின் கதை தெரிந்தவர்கள் இதைச் சின்ன விசயமாக நினைக்க மாட்டார்கள். என்ன, அந்த வாசலுக்கு முன்னால் ஷெங்கன் விசா என்ற வாசல் ஒன்று இருக்கிறது. அதில் எல்லாக் கேள்வியும் உண்டு.

திருப்பிக் கொடுத்துவிட்டால் தீர்ந்ததா? இதற்கு அண்மைய உதாரணம் நம் நாட்டுடையதே. லெவ்கே திசாவை என்ற கண்டிப் பிரபு 1745 அளவில் கண்டி மன்னனுக்குக் கொடுத்த சிறு பீரங்கி ஒன்று ரைக்ஸ்மியூசியத்தில் இருநூறு ஆண்டுக்கு மேல் இருந்தது. பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் பதித்தது. மேலே சூரியன், சந்திரன், சிங்கம். அப்போது கண்டியை ஆண்டவன் நாயக்கர் வழிவந்த ஸ்ரீ விஜய ராஜசிங்கன் என்பதையும் மறக்க வேண்டாம். 1765இல் ஒல்லாந்த ஆளுநர் வான் எக் கண்டி மீது படையெடுத்தபோது அரண்மனையிலிருந்து கொள்ளை போனது அது. அந்தப் போரின் முடிவில் வந்த 1766 ஒப்பந்தம்தான் எங்கள் கிழக்குக் கரை உட்பட இலங்கையின் கரை முழுவதையும் ஒல்லாந்துக் கம்பனிக்குக் கண்டி எழுதிக்கொடுக்க வைத்தது. ஆகவே அந்தப் பீரங்கியின் கதையில் மட்டக்களப்புக்கும் ஒரு பங்கு உண்டு.

1980இல் இலங்கை யுனெஸ்கோ வழியாகக் கேட்டுப் பார்த்தது, கிடைக்கவில்லை. காலனியக் காலத்தில் பறித்தவற்றை நிபந்தனையின்றித் திருப்ப வேண்டும் என்று 2020இல் நெதர்லாந்துக் கலாசார மன்றம் அறிவுரை சொன்னது, அரசு ஏற்றது. இரு நாட்டு ஆய்வாளர்களும் சேர்ந்து பொருட்களின் வரலாற்றைத் தோண்டினார்கள். 2023 யூலையில் 478 பொருட்களைத் திருப்புவதாக அறிவித்தார்கள்: இந்தோனேசியாவுக்கு 472, நமக்கு 6. பீரங்கியோடு பொன் வாள், வெள்ளி வாள், கத்தி, இரண்டு துவக்குகள். டிசம்பரில் கொழும்புத் தேசிய நூதனசாலைக்கு வந்து சேர்ந்தன. நல்ல காரியம், அதில் மறுபேச்சில்லை. ஆனால் ஒரு தலைநகரத்திலிருந்து இன்னொரு தலைநகரத்துக்கு வந்த பொருள் களுதாவளைக்கு இன்னும் ஒரு பகல் பஸ் பயணத் தூரத்தில்தான் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் மிருகக்காட்சிச்சாலைச் சுற்றுலாவோடு அரை மணி நேரம் எட்டிப்பார்க்கும் இடம் அது. 1766 இங்கே என்ன செய்தது என்பதை அந்தக் காட்சியோடு சேர்த்து எங்கள் பிள்ளைக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

திரும்பி வருவதாலேயே சிலை கோயிலுக்குப் போய்ச் சேர்ந்துவிடுவதும் இல்லை. தமிழ்நாட்டில் களவுபோன ஸ்ரீபுரந்தான் நடராசரை அவுஸ்திரேலியா 2014இல் இந்தியாவிடம் ஒப்படைத்தது. அதற்கு முன் 1991இல் இலண்டன் வழக்கில் வென்று பத்தூர் நடராசர் வந்தார். இப்படி மீண்டவற்றில் பல, கும்பகோணத்திலும் திருவாரூரிலும் உள்ள சிலைப் பாதுகாப்பு மையங்களின் இரும்புக் கதவுக்குப் பின்னால் நிற்கின்றன; ஊர்க் கோயிலில் பூட்டு இல்லை, காவல் இல்லை என்பது காரணம். பொலநறுவைச் சிவாலயங்களில் 1907, 1908இல் கிடைத்த நடராசர்கள் கொழும்பில் கண்ணாடிக்குள் இருக்கிறார்கள். எதிர்மாறாக, திருகோணமலையில் 1950இல் நிலத்தைத் தோண்டும்போது வெளிப்பட்ட வெண்கலத் திருமேனிகள் கோணேசர் கோயிலுக்கே போய் இன்றும் வழிபாட்டில் இருக்கின்றன. ஆக, எது சரி என்பது இடத்துக்கு இடம் மாறும். எங்கே இருந்தாலும் அது யாருடையது, எப்படி வந்தது என்ற எழுத்து கூடவே இருக்க வேண்டும் என்பது மட்டும் மாறாது.

அந்த எழுத்து விசயத்தில் நாங்கள் எப்படி? இங்கே ஒல்லாந்தரைவிட மோசம் என்றே சொல்வேன். எனக்குத் தெரிந்த ஒரு கோயிலில் கும்பாபிசேகத்துக்குத் திகதி குறித்தவுடன் பழைய மர வாகனங்களுக்கு எனாமல் பெயின்ற் அடித்தார்கள். யானையின் காதோரம் இருந்த பழைய காவி நிறமும் கொடிக் கருக்கும் இரண்டு நாளில் மஞ்சளுக்கும் பச்சைக்கும் கீழே போயின. பூசுமுன் ஒரு படம் எடுத்து வைத்தோம் என்று எவராலும் சொல்ல முடியவில்லை. உடைந்த மயில் வாகனம் ஒன்று மடைப்பள்ளிக்குப் பின்னால் கிடந்து கறையான் தின்றது. இதற்கு எந்த வான் எக்கும் வரவில்லை.

கூத்துச் சாமானின் கதை இன்னும் பாவம். வடமோடி முடி, புயவரிசை, கண்ணாடி பதித்த உடுப்பு எல்லாம் கூத்தாசானான அண்ணாவியார் வீட்டு முகட்டில் கட்டித் தொங்கியவை. 1978 நவம்பர் சூறாவளி, பிறகு போர், 2004 சுனாமி எனப் போனவை போக மிஞ்சியது எவ்வளவு என்று பட்டியலே இல்லை. கூத்து முடியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் மத்தளமும் சல்லரியும் இல்லாமல் அது வெறும் முடிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்தக் களரியில் யார் தலையில் இருந்தது என்று ஒரு வரி எழுதிவைத்திருந்தால் அடுத்த அண்ணாவியாருக்கு அளவாவது தெரியும். ஏட்டில் கிடந்த எங்கள் ஊர் வரலாறான மட்டக்களப்பு மான்மியம் 1962இல் அச்சேறியிராவிட்டால் அந்த ஏடுகளில் இருந்ததை இன்று நம்மில் எத்தனை பேர் படித்திருப்போம்?

ஆகவே என் தீர்ப்பு இரு பக்கமும் வெட்டும். ஆம்ஸ்டர்டாமின் நூதனசாலைகள் பேணுவதிலும் திறந்து காட்டுவதிலும் உலகத் தரம். தங்கள் ஓவியங்களுக்குக் கேட்கும் கேள்வியை மற்றவர் பொருட்களுக்கும் கேட்கத் தொடங்கி ஐந்தாறு வருடம்தான். அதுவும் கொள்ளையடித்தவற்றோடு நிற்கிறது, கடைக்காரரிடம் காசு கொடுத்து வாங்கியவற்றின் பக்கம் இன்னும் முழுமையாகத் திரும்பவில்லை. அந்த நடராசர் பிந்திய வகை.

அங்கே போகிற பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நடராசருக்கு முன்னால் படம் எடுங்கள், தாராளமாக எடுங்கள். வீட்டுக்கு வந்து, இது எந்தக் கோயிலுடையது, பாரிஸ் வணிகருக்கு யார் விற்றது என்று கேட்டு நூதனசாலைக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். நூறு கடிதம் போனால் ஓர் ஆய்வாளருக்கு வேலை கிடைக்கும். ஊரில் கோயில் பொறுப்பில் இருக்கும் வண்ணக்கர்மாருக்கும் பரிபாலன சபையாருக்கும் இன்னொரு வேண்டுகோள்: அடுத்த திருவிழாவுக்குப் பெட்டகத்தைத் திறக்கும்போது ஒரு கொப்பியும் கைபேசியும் வைத்துக்கொண்டு, உள்ளே உள்ள ஒவ்வொன்றையும் நான்கு பக்கமும் படமெடுத்து, யார் கொடுத்தது, எந்த வருடம், எந்தக் குடி என்று எழுதுங்கள். ஒரு பிரதி கோயிலில் இருக்கட்டும், இன்னொன்று ஊர் நூலகத்தில் இருக்கட்டும். பெயின்ற் வாளியை அதற்குப் பிறகு திறக்கலாம்.