ஒரு சிலையும் ஒரு சொற்பொழிவும்

ஒரு மனிதரைப் பற்றிய இரண்டு சித்திரங்கள் ஒரே நாளில், ஒரே இடத்தில் மக்கள் முன் வைக்கப்பட்டன. ஒன்று வெண்கலத்தால் ஆனது; மற்றொன்று சொல்லால் ஆனது. அந்த மனிதர் ஆபிரகாம் லிங்கன். நாள் 1876 ஏப்ரல் 14. அவர் சுடப்பட்டுப் பதினோராண்டுகள் நிறைந்த நாள். இடம் வாஷிங்டன் நகரிலுள்ள லிங்கன் பூங்கா. சிலையை வடித்தவர் தாமஸ் பால். சொற்பொழிவு ஆற்றியவர் பிரெடரிக் டக்ளஸ். அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, நாவாலும் எழுதுகோலாலும் அடிமை முறையை எதிர்த்து நின்றவர். இவ்விரு சித்திரங்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எதனை நாம் நம்புவது?

சிலையை முதலில் நோக்குவோம். லிங்கன் நிமிர்ந்து நிற்கிறார். ஒரு கரம் விடுதலைப் பிரகடனத்தின் மேல் இருக்கிறது. மறு கரம் அவர் காலடியில் மண்டியிட்டிருக்கும் கறுப்பின மனிதர் மேல் நீண்டிருக்கிறது. அம்மனிதரின் விலங்கு அறுந்துவிட்டது. அவர் எழப்போகிறார் என்பதே சிற்பியின் கருத்து என்பாருண்டு. ஆயினும், பார்ப்பவர் நெஞ்சில் தங்குவது எழுச்சி அன்று; பணிவே. விடுதலை மேலிருந்து கீழே ஈயப்பட்ட கொடை என்றே இந்த வெண்கலம் பேசுகிறது.

இதற்குப் பொருள் தந்தவர்கள் விடுதலை பெற்ற அடிமைகள். ஷார்லட் ஸ்காட் என்னும் பெண்மணி தாம் உழைத்து ஈட்டிய 5 டாலரை முதற் காணிக்கையாக அளித்தார். பணம் அவர்களுடையது, சிலையின் வடிவத்தை முடிவு செய்தவர்களோ வெள்ளையர்.

இனிச் சொற்பொழிவைக் காண்போம். புகழுரை கேட்கத் திரண்டிருந்த கூட்டத்தில், ஜனாதிபதி கிராண்ட் வீற்றிருந்த அவையில், டக்ளஸ் உண்மையை மறைக்கவில்லை. லிங்கன் முதன்மையாக வெள்ளையரின் தலைவரே என்றும், கறுப்பின மக்கள் அவருக்கு மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் போன்றவர்களே என்றும் கூறினார். அடிமை ஒழிப்பாளரின் அளவுகோலால் அளந்தால் லிங்கன் மந்தமானவர். அவர் வழிநடத்த வேண்டியிருந்த நாட்டின் மனநிலையால் அளந்தால் விரைந்தவர், துணிந்தவர். இதுவே டக்ளஸின் தீர்ப்பு.

இத்தீர்ப்பு நேர்மையானதுதானா? லிங்கனின் சொல்லும் செயலுமே சான்று. 1837-இல், இல்லினாய் சட்டமன்றத்தில் இளம் உறுப்பினராக இருந்தபோதே, அடிமை முறை அநீதியின் மேல் எழுந்தது என்று அவர் எழுத்தில் பதிவு செய்தார். 1858-ஆம் ஆண்டுத் தேர்தல் விவாதங்களில், தன் கை உழைத்த உணவை உண்ணும் உரிமையில் கறுப்பின மனிதன் எவருக்கும் இளைத்தவனல்லன் என்றார். அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று, சார்ல்ஸ்டன் என்னும் ஊரில், கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையோ, சமூக சமத்துவமோ தரத் தாம் விரும்பவில்லை என்றும் சொன்னார். இரண்டும் அவர் வாய்மொழிகளே. ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றொன்றை மறைப்பவர் வரலாறு எழுதுபவரல்லர்.

போர்க்காலத்திலும் இந்த இரட்டை நிலை தொடர்ந்தது. 1862 ஜூலையில் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அவர் தம் அமைச்சரவைக்குப் படித்துக் காட்டினார். ஆகஸ்ட் 14 அன்று கறுப்பினப் பிரதிநிதிகள் ஐவரைத் தம் மாளிகைக்கு அழைத்து, அவர்கள் இனத்தார் வேறு நாட்டில் சென்று குடியேறுவதே நன்று என்றார். பிறந்த மண்ணில் நிற்பவரிடம் 'நீ வேறிடம் போ' என்று சொல்வது எத்தகைய கொடுமை! அடுத்த ஆண்டு ஹெயிட்டியை அடுத்த ஒரு சிறு தீவுக்கு ஏறத்தாழ 450 பேர் அனுப்பப்பட்டனர். நோயாலும் பட்டினியாலும் பலர் மாண்டனர். எஞ்சியோர் 1864-இல் திருப்பி அழைத்து வரப்பட்டனர்.

ஆனால் லிங்கன் அங்கேயே நின்றுவிடவில்லை. 1863 ஜனவரி 1 அன்று வெளியான பிரகடனம் கறுப்பின மக்களுக்குப் படையின் கதவைத் திறந்தது. ஏறத்தாழ 1,80,000 பேர் தரைப்படையில் சேர்ந்தனர். அவர்கள் சிந்திய குருதி லிங்கனின் கருத்தையும் மாற்றியது. 1864 மார்ச்சில் லூசியானா ஆளுநருக்கு எழுதிய கடிதத்தில், போரிட்டவர்களுக்கேனும் வாக்குரிமை தரலாகாதா என்று கேட்டார். 1865 ஏப்ரல் 11 அன்று அதனையே பொதுமேடையில் கூறினார். கூட்டத்தில் நின்று அதைக் கேட்டவர்களுள் ஒருவன் ஜான் வில்க்ஸ் பூத். மூன்று நாட்களில் அவன் துப்பாக்கி வெடித்தது.

ஆக, லிங்கன் கொடுத்தவர் மட்டுமல்லர், கற்றுக்கொண்டவரும் ஆவார். அவருக்குக் கற்பித்தவர்கள் யாரோ, அவர்களையே சிலை மண்டியிட வைத்துவிட்டது. சிலையின் பெரும் பிழை இதுவே.

மண்டியிட்ட உருவத்துக்கு முன்மாதிரியான ஆர்ச்சர் அலெக்சாந்தரின் கதை இப்பிழையை இன்னும் தெளிவாகக் காட்டும். அவர் மிசௌரி மாநிலத்தில் அடிமையாக இருந்தவர்; போரின்போது தாமே தப்பியோடி விடுதலை தேடியவர். மிசௌரி, அரசை எதிர்த்துப் பிரிந்து செல்லாத மாநிலம். எனவே, பிரகடனம் அங்கிருந்த அடிமைகளுக்குப் பொருந்தவே இல்லை. தன் விடுதலையைத் தானே தேடிக்கொண்டவர், அந்தப் பிரகடனத்தின் அடியில் பணிந்தவராக வார்க்கப்பட்டார்! குத்துச்சண்டை வீரர் முகம்மது அலி இவருடைய வழித்தோன்றல் என்பதைக் குடும்பத்தார் பின்னாளில் கண்டறிந்தனர். பணியாத அந்த மரபு எங்கிருந்து வந்தது என்று வியப்பவர்களுக்கு இது ஒரு விடை.

ஓர் ஐயம் எழலாம். லிங்கன் மறைந்த 1865-ஆம் ஆண்டில், அவரைக் கறுப்பின மக்களின் தலைவர் என்றே டக்ளஸ் போற்றினாரே; பதினோராண்டுகளில் மாற்றிப் பேசியது முரணன்றோ? முரண்தான், ஆயினும் அதற்குக் காரணம் உண்டு. 1865-இல் அவர் துக்கத்தில் நின்று பேசினார். 1876-இல் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களின் வாக்குரிமை வன்முறையால் பறிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. வடக்கிலிருந்த வெள்ளையரோ, செய்ததெல்லாம் போதும் என்று சலித்துப் போயிருந்தனர். விடுதலையைக் கொடை என்று பாடினால், கொடுத்தவர் கணக்கை முடித்துக்கொள்வார். உரிமை என்று உரைத்தால்தான் கணக்கு நிலுவையில் நிற்கும். டக்ளஸ் இதை அறிந்தே பேசினார்.

சில நாட்களுக்குள், சிலையைப் பற்றித் தம் குறையையும் ஒரு செய்தித்தாளுக்குக் கடிதமாக எழுதினார். கறுப்பின மனிதன் நிமிர்ந்து நிற்கும் ஒரு நினைவுச் சின்னத்தைத் தாம் இறப்பதற்குள் காண விரும்புவதாக அதில் குறிப்பிட்டார். பலரும் மறந்திருந்த அக்கடிதம் 2020-இல்தான் ஆய்வாளர் கண்ணில் பட்டது. பாஸ்டன் நகரில் நின்ற அச்சிலையின் பிரதி அதே ஆண்டு அகற்றப்பட்டது.

நம் மொழியிலும் பெரியோர் சரிதங்கள் ஏராளம். அவற்றுள் பல, சிலை வடிக்கும் முயற்சிகளே. குறையைச் சொன்னால் பெருமை குன்றும் என்று அஞ்சுகிறோம். அன்று டக்ளஸ் சொன்னவற்றால் லிங்கன் சிறுத்துப் போனாரா? இல்லையே! தம் காலத்தின் இருளைத் தாமும் சுமந்து, அதிலிருந்து அடியடியாக வெளியே வந்த ஒரு மனிதரை அல்லவா அச்சொற்பொழிவில் காண்கிறோம்? நம் பிள்ளைகளுக்கு லிங்கனைப் பற்றிச் சொல்லும்போது 1858-ஐயும் சொல்வோம், 1865-ஐயும் சொல்வோம். இடையில் அவரை நகர்த்தியவர்கள் யாரென்பதையும் மறவாமல் சொல்வோம்.