எண்ணை மின்னோட்டமாக்கும் சில்லு: பாடநூற் படம் மறைப்பது யாது?

இலத்திரனியல் கற்பிக்கும் தொடக்க நூல்கள் இலக்க-ஒப்புமை மாற்றியை விளக்குமிடத்துப் பெரும்பாலும் ஒரே படத்தையே வரைகின்றன. ஒன்றுக்கொன்று இரட்டித்துச் செல்லும் தடைகள், அவற்றுக்கு ஆளிகள். துவித எண்ணில் ஒன்று வந்த இடத்து ஆளி மூடும். பூச்சியம் வந்த இடத்துத் திறக்கும். மூடிய வழிகளின் ஓட்டங்கள் கூடி வெளிவரும். படத்திற் பிழையில்லை. ஆயினும் சிலிக்கன் சில்லினுள் நிகழும் உண்மையான இடர்ப்பாட்டை அது முற்றாக மறைத்துவிடுகின்றது என்பதே எமது குறைபாடு.

தராசுப் படிகளை உவமை கூறுவோர், அப்படிகள் சரியானவையென்று சோதித்தவர் யாரென வினவுவதில்லை. 16 துவித இலக்கங்களைக் கொண்ட மாற்றியில் மிகப் பெரிய ஓட்டம் மிகச் சிறியதைப் போல் 32,768 மடங்கு. கீழுள்ள பதினைந்தும் கூடினால் 32,767. பெரியது தன் அளவில் 32,768 இல் ஒரு பங்குக்கு மேற் குறைந்துவிடின், எண் ஒன்று ஏறும்போது ஓட்டம் இறங்கும்! இத்தவறு நேர்வதோ அளவின் நடுவில். மெல்லிய இசை ஊசலாடும் இடமும் அதுவே. ஆதலின், உரத்த ஒலியில் மறையும் பிழை மெல்லொலியிற் செவிக்குப் புலனாகும்.

இதற்குப் பரிகாரமாக ஏணி அமைப்பு எடுத்துக் காட்டப்படும். அதில் ஒரு தடையும் அதன் இருமடங்கும் என இரண்டே அளவுகள் போதும். நல்ல உபாயமே, ஆனால் பல நூல்கள் இத்துடன் கதையை முடித்துவிடுகின்றன. ஏணி அளவுகளின் தொகையைக் குறைத்ததேயன்றி, அவற்றின் சமத்துவத்தை உறுதிசெய்யவில்லை. சில்லில் அருகருகே அமைத்த தடைகளும் சாதாரணமாக ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்களவிலேயே ஒத்திருக்கும்.

1982 இல் இறுவட்டு வணிகத்துக்கு வந்தபோது இவ்விடர்ப்பாடு வெளிப்பட்டது. சோனியின் முதற் கருவி 16 இலக்க மாற்றியைக் கொண்டிருந்தது. பிலிப்ஸ் நிறுவனம் ரி.டி.ஏ. 1540 என்னும் 14 இலக்கச் சில்லையே பயன்படுத்திற்று. இலக்கத்தொகையை மட்டும் நோக்குவோர் பின்னதைத் தாழ்ந்ததென்பர். அது பொருந்தாது.

அச்சில்லினுள் உயர்ந்த இடங்களுக்குரிய ஓட்டங்களைப் பெற, ஓர் ஓட்டம் ஏறத்தாழச் சமமான பங்குகளாகப் பிரிக்கப்படுகின்றது. பின்னர் ஆளிகள் அப்பங்குகளை விரைவாக இடம் மாற்றிக்கொண்டேயிருக்கும். ஒவ்வொரு வழியும் ஒவ்வொரு பங்கையும் சமகாலம் பெறுவதாற் சராசரிகள் ஒத்துவிடும். எஞ்சும் சிற்றலையை வெளியே இணைத்த கொள்ளளவிகள் அடக்கும். ஆய்வுகூடத் தராசிற் பொருளைத் தட்டு மாற்றி நிறுத்து, புயங்களின் ஏற்றத்தாழ்வை நீக்குவோமல்லவா? அதே நியாயம்.

எஞ்சிய இரண்டு இலக்கங்கள்? செக்கனுக்கு 44,100 ஆக வரும் மாதிரிகளை, மாற்றிக்கு முன்னுள்ள வடிகட்டி இடையெண்கள் கணித்து 176,400 ஆக்கும். 14 இலக்கமாகக் குறுக்கும்போது விடுபடும் மிச்சத்தை எறியாது அடுத்த எண்ணின் கணக்கில் ஈடுசெய்யும். பிழையின் பெரும்பகுதி செவிக்கெட்டாத அதிர்வெண்களுக்குத் தள்ளப்பட, 16 இலக்கத்துக்கு நிகரான நுட்பம் செவிப்புல எல்லையுட் கிட்டும். அளவின் குறையைக் காலத்தால் ஈடுசெய்த இச்சூழ்ச்சியை எமது தொடக்க நூல்கள் ஒரு பந்தியிலேனும் கூறியிருக்கலாம்.

கூறாதவிடத்து ஆசிரியர் செய்யத்தக்கது எளிது. ஐந்து வீத வழுவுள்ள தடைகளால் நான்கு இலக்க மாற்றியொன்றை மாணவரே அமைத்து, பூச்சியம் முதற் பதினைந்து வரை அளக்கட்டும். ஏழிலிருந்து எட்டுக்கு ஏறும் படியை அவர்கள் தனியே குறித்துக்கொள்ளல் வேண்டும்.